வெள்ளிக்கிழமை துடைத்த வண்டி

எனக்கு எழுபத்தேழு வயது. நான்கு பிள்ளைகளைப் பெற்று, நான்கு பேரையும் ஆளாக்கினேன். பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், ஆனாலும் இதை யாரிடமும் சொல்லி எழுத வைக்க மனம் வரவில்லை.

என் வீட்டுக்காரருக்கு சர்க்கார் ஆபீசில் தபால் கட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. பட்டாளத்தில் ஓடிக் கழித்துவிட்ட பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதன்மேல் அவருக்கு உயிர். டெல்லி கரோல் பாக்கில் நாங்கள் இருந்தது ஒரே அறை. அறைக் கதவைத் திறந்தால் ஓர் ஆள் அகலத்துக்கு நடை, அதன் முடிவில் தெருக்கதவு. வேறு வழி கிடையாது. தெருவில் விட்டால் திருட்டு பயம், பனியில் நின்றால் காலையில் கிளம்பாது. அதனால் வண்டி அந்த நடையிலேதான் நிற்கும். கொஞ்ச நாளாக அது பெட்ரோலைக் கக்கிக்கொண்டிருந்தது. டாங்கியின் டேப்பைத் திறந்ததும் கார்புரேட்டர் வழிந்து சொட்டும், மூடினால் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று, தினமும் வீட்டுக்கு வந்ததும் டேப்பை மூடிவிடுவார்.

அன்று வெள்ளிக்கிழமை. டெல்லிக் குளிர். மூத்த மூன்று பேரும் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். அவர் வண்டி கிளம்புகிறதா என்று ஒரு தடவை உதைத்துப் பார்த்துவிட்டுச் சந்துக் குழாயடிக்குக் குளிக்கப் போயிருந்தார். நான் வாராவாரம் செய்கிறபடி வண்டியை ஈரத்துணியால் துடைத்து, விளக்குக்கும் டாங்கிக்கும் குங்குமம் வைத்தேன். அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று மாதக் கடைக்குட்டிக்கு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தேன். பக்கத்தில் அங்கீட்டியில், அந்தச் சின்னக் கரியடுப்பில், கரி கனன்றுகொண்டிருந்தது. அது இல்லாமல் அந்தக் குளிரில் குழந்தையைத் துணி அவிழ்க்க முடியாது.

வாசனைதான் முதலில் வந்தது. வண்டி நிற்கிற வீட்டில் எப்போதும் இருக்கிற வாசனைதானே என்று இருந்துவிட்டேன். பிறகு தொண்டை எரிந்தது. திரும்பிப் பார்த்தால், கதவுக்கு அடியிலிருந்து ஈரம் ஒரு விரல் அகலத்துக்குத் தரையில் இறங்கி வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், பள்ளம் பார்த்து வந்தது. அங்கீட்டிக்கும் அதற்கும் நடுவில் என் ஒரு கால் நீளம்கூட இல்லை.

அங்கீட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாமென்றால் அந்த ஈரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு பொறி விழுந்தால் போதும். தண்ணீர் ஊற்றினால் கரி வெடித்துச் சிதறும். மூலையில் பாத்திரம் தேய்க்கிற சாம்பல் டின் இருந்தது. அத்தனையையும் கரியின் மேல் கவிழ்த்தேன், கையாலேயே அமுக்கினேன். உள்ளங்கை வெந்தது பிறகுதான் தெரிந்தது. எண்ணெய் வழிகிற பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு கதவைத் திறந்து, வழுக்குகிற தரையில் வண்டியிடம் போய் டேப்பைத் திருப்பினேன். அவர் தினமும் மூடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் கண்டேன். டேப்பின் பிடியில் நான் துடைத்த துணியின் நூல் ஒன்று சிக்கியிருந்தது. பக்கத்திலேயே என் விரல் குங்குமம். அவர் மூடியிருந்த டேப்பைத் துடைக்கிற வேகத்தில் திறந்துவிட்டவள் நான்தான்.

நூலை உருவி முந்தானையில் முடிந்துகொண்டேன். பெட்ரோல் வாடை சந்துவரை போக, அவர் ஈரத்துண்டோடு ஓடி வந்து, தரையைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "ஐயோ, டேப்பை மூட மறந்துட்டேனா? நான்தான் மறந்துட்டேனா?" என்று அதையே கேட்டார். நான் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தரையைத் துடைக்கக் குனிந்தேன்.

சந்துக் கோடியில் வண்டி ரிப்பேர் கடை வைத்திருந்த சர்தார்ஜி மிஸ்திரி வந்து வண்டியைத் தெருவுக்குத் தள்ளினார். கார்புரேட்டரைக் கழற்றி, உள்ளே மிதக்கிற பித்தளை டப்பாவை எடுத்துக் காதருகே ஆட்டினார். களக் களக்கென்றது. மிதக்க வேண்டியது பெட்ரோலைக் குடித்து மூழ்கியிருக்கிறது, அதனால்தான் உள்ளே வருவதை அடைக்க முடியவில்லை என்றார். எதிர்வீட்டு அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தேன். டப்பாவை அதில் அமுக்கியதும் ஒரே இடத்திலிருந்து கடுகு கடுகாகக் குமிழி வந்தது. "தேக்கோ பாபிஜி, சோர் பக்டா கயா!" பாருங்க அண்ணி, திருடன் பிடிபட்டான் என்று சிரித்தார். என் கை முந்தானை முடிச்சுக்குப் போனது. உள்ளே இருந்த பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடித்து உலர்த்தி, மறுநாள் தன் கடையில் ஈயம் வைத்து அடைத்துக் கொடுத்தார். வண்டியில் மாட்டிவிட்டுப் போகும்போது என் வீட்டுக்காரரைப் பார்த்து, "டேப் பந்த் ரக்கா கரோ, பாயி" என்றார். டேப்பை மூடி வை என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வண்டி சரியாகிவிட்டது. அவர் ஆகவில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய் டேப்பைத் தொட்டுப் பார்ப்பார். படுத்தபின் இரண்டு தடவை எழுந்திருப்பார். சந்தில் எல்லோரிடமும், "இவ இல்லேன்னா எம்புள்ள இல்ல" என்று சொல்லிச் சொல்லி என்னை உயர்த்தினார். நானும் நிமிர்ந்துதான் நடந்தேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நினைப்பேன். அவர் முகம் எப்படி மாறுமோ என்ற பயம் அந்த நெருப்பு பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது. ஆறு மாதத்தில், "என் புத்திய நம்பி இத வீட்டுக்குள்ள வைக்க முடியாது" என்று வண்டியை விற்றுவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தார். தெருவில் அந்த மாதிரி வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போய் நிற்பார். அப்போதும் நான் சொல்லவில்லை. அவர் போய்ப் பதினோரு வருஷமாகிறது.

அந்தக் கடைக்குட்டியோடுதான் இப்போது டெல்லியிலேயே துவாரகாவில் இருக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்கப்பா மறதிக்கு நான் மூணு மாசத்துலயே வெந்திருக்கணும் சார்" என்று சொல்லிச் சிரிப்பான். போன வாரமும் சொன்னான். இனி அவன் அதைச் சொல்லக் கூடாது.

பேத்தியைக் கூப்பிட்டேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், தடுக்கித் தடுக்கி வாசிப்பாள். "ஜல்தி சொல்லு பாட்டி, ட்யூஷன் இருக்கு" என்கிறாள். ட்யூஷன் கிடக்கட்டும் கண்ணு. உங்கப்பாவைப் போனை வெச்சிட்டு வந்து எதிர்ல உட்காரச் சொல்லு. நான் எழுதினதை முதல்லேர்ந்து படி. நூல் வர்ற இடத்துல என்னைப் பார்த்து நிறுத்தாதே. சத்தமாப் படி.