எண்ணெய் குடிக்காத வேன்

எங்கள் தெருத் தையல்காரருக்குச் சத்தம் ஆகாது. மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப் பையில் மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பி வைத்திருப்பார். தையல் மிஷினுக்கு விடுகிற மெல்லிய எண்ணெய். அதைக் கத்தரிக்கோலுக்கு விடுவார், பூட்டுக்கு விடுவார், பக்கத்து வீட்டுக் குழந்தையின் சைக்கிளுக்கும் கேட்காமலே விடுவார்.

“என் முழங்காலும்தான் கிறீச்சுங்குது. ரெண்டு சொட்டு விடுங்களேன்” என்பாள் மனைவி.

அவர் தைக்கும் சீருடைகளைக் கடை கடையாகக் கொண்டு சேர்ப்பது அவள்தான். அதற்கொரு பழைய வேன். ஜன்னல் கண்ணாடி இறங்காமலிருக்க மரத்துண்டு செருகிய வேன். இன்னொரு முறை இன்ஜினில் செலவு வந்தால் விற்றுவிடுவது என்று வீட்டில் பேச்சு. விற்றால் அவள் கடையில் உட்கார்ந்து பட்டன் தைக்க வேண்டும். அவளுக்கு அதை நினைத்தாலே கழுத்து வலிக்கும்.

ஒருநாள் சிக்னலில் நின்றபோது எண்ணெய் அழுத்தத்துக்கான சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தி, அளவுக் கம்பியை உருவிப் பார்த்தாள். எண்ணெய் நிறைய இருந்தது. மெக்கானிக்கிடம் விட்டாள். கணவரும் கூடவே போனார்.

“முன்னாடியெல்லாம் மொடாக்குடி குடிக்கும். கொஞ்ச மாசமா நான் ஒரு சொட்டு ஊத்தலப்பா. திருந்திடுச்சு” என்றாள் பெருமையாக.

மெக்கானிக் முதலில் அந்த விளக்கை எரியவைக்கும் சுவிட்சைச் சந்தேகப்பட்டான். அதைக் கழற்றி, அந்த ஓட்டையில் அழுத்தமானியை முடுக்கினான். இன்ஜின் குளிர்ந்திருந்தவரை முள் நிமிர்ந்து நின்றது. சூடேறியதும் படுத்துவிட்டது.

“விளக்கு பொய் சொல்லலக்கா. பேரிங் தேஞ்சிருக்கும். இன்ஜினை இறக்கணும்.”

அவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். தையல்காரர் ஆறுதல் சொன்னார்: “கடையில ஃபேனுக்குக் கீழ உட்காரலாம்.”

“நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?”

மெக்கானிக் அளவுக் கம்பியைத் துடைத்தவன், விரலை விரலோடு தேய்த்துப் பார்த்தான். பிசுபிசுப்பே இல்லை. மோந்தும் பார்த்தான், பெட்ரோல் கலந்து நீர்த்த வாடையும் இல்லை.

“குடிகார வண்டி திடீர்னு எப்படிக்கா திருந்தும்? வேற யாராவது ஊத்தினாங்களா?”

தையல்காரரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

“ஏங்க...”

“குடிக்குது குடிக்குதுன்னு நீ புலம்பினியே. ஞாயித்துக்கிழமை நீ தூங்குறப்ப...”

“அந்தக் குப்பியிலயா?”

“குப்பி எப்படிப் பத்தும்? குப்பிக்கு ஊத்துற டப்பாவோடதான்.”

மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்து சிரித்தான். “மாமா, சூடானா அது தண்ணியா ஓடிடும். அழுத்தம் எங்க நிக்கும்?”

“எண்ணெய் எண்ணெய்தானேப்பா.”

“அப்ப நூல் நூல்தானே? கோணி தைக்கிற சணல்ல சட்டை தைங்களேன்.”

தையல்காரர் குப்பியைப் பைக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டார்.

இருந்ததை வடித்து, ஃபில்டர் மாற்றி, வேனுக்குரிய கெட்டி எண்ணெயை ஊற்றினான். இன்ஜினை ஓடவிட்டு மூவரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சூடேறியதும் முள் சற்றே தளர்ந்தது; தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். முள் அதற்குமேல் இறங்கவில்லை.

“வயசுக்கேத்த தேய்மானம் இருக்கு. ஆனா ஓடும்கா” என்றான் மெக்கானிக்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். அவர் தன் பக்கத்துக் கதவைத் திறந்தார். கிறீச்சென்றது. கை பைக்குப் போய், பாதியில் நின்றது. மனைவியைப் பார்த்தார்.

“அதுக்கு விடலாம். அதுக்கு மட்டும்” என்றாள்.