ஆறு மீனும் சுலோஜனா ரீச்சரும்

"இதுல ஆள் கூடவா, சீற் கூடவா?" பஸ்ஸில் ஏறியதும் சுலோஜனா ரீச்சர் தனக்குள்ளே கேட்டுக்கொள்வார். எண்ணிப் பார்க்கமாட்டார். யாராவது நின்றால் ஆள் கூட, இருக்கை காலியாக இருந்தால் சீற் கூட. அவ்வளவுதான் அவருடைய கணக்கு. கலியாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் இதே புத்திதான். அவர் கண் இலையையும் தண்ணீர்க் குவளையையும் சோடி சேர்த்துக்கொண்டே போகும். "அங்கால கடைசி ஆளுக்குக் குவளை இல்லகா" என்று அவர் குரல் கொடுத்தால், பரிமாறுகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நேரே போய் ஒரு குவளையை எடுத்து வருவார்கள்.

வயது நாற்பத்தொன்று. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமம் ஒன்றில், தகரக் கூரை போட்ட முன்பள்ளியைப் பதினான்கு வருடமாக நடத்துகிறார். தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. அதில் மட்டி ஓடு, சோடா மூடி, புளியங்கொட்டை எல்லாம் கிடக்கும். பஸ்ஸுக்குக் காசு எடுக்கக் கைவிட்டால் முதலில் நாலு ஓடு வெளியே வந்து விழும். கொண்டக்டர் அதைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் ரிக்கற் கிழிப்பார்.

அவரிடம் வரும் பிள்ளைகள் முதல் மூன்று மாதம் ஒன்று, இரண்டு என்று வாய் திறப்பதில்லை. ஐந்து மட்டி ஓட்டை நெருக்கமாக ஒரு வரிசை வைப்பார். கீழே இன்னும் ஐந்தை இடைவெளி விட்டு நீட்டி வைப்பார். "எது கூட?" நீண்ட வரிசையைத்தான் அத்தனை பேரும் காட்டுவார்கள். பிழை என்று அவர் சொல்வதில்லை. "அப்பிடியா? சோடி போட்டுப் பாருங்க" என்பார். மேல் ஓட்டுக்குக் கீழ் ஓட்டைச் சேர்த்துச் சேர்த்து வந்து, கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று கண்டதும் சில பிள்ளைகள் ஓட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். கூடுதலாக இருந்தது எங்கே போயிற்று என்று தேடுகிறார்களாம்.

தாய்மாருக்கு இது பிடிப்பதில்லை. "பக்கத்து ஊர்ப் பிள்ளையள் நூறு மட்டும் சொல்லுதுகள். எங்கட பிள்ளை இன்னும் ஓடு பொறுக்குது" என்று ஒருத்தி வாசலில் நின்றே சண்டைக்கு வந்தாள். ரீச்சருக்குக் கோபம் வரவில்லை. "கிளியும்தான் சொல்லும், தங்கச்சி. உங்கட மகளிட்ட நாலு கரண்டி எடுத்துத் தா எண்டு கேட்டுப் பாருங்க" என்றார். மறுநாள் அந்தத் தாய் வரவில்லை, மகள் வந்தாள்.

இவ்வளவும் தெரிந்தவர், சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தை மூன்று முறை எழுதி மூன்று முறையும் கோட்டை விட்டவர். அதை அவர் மறைப்பதுமில்லை, அந்த வெட்கம் இன்னும் ஆறவுமில்லை. போன வருடம் அது அவருடைய பிழைப்புக்கே வினையாக வந்தது. கணிதத்தில் சித்தியடையாதவர் தொடர்ந்து படிப்பிக்க வேண்டுமானால், வகுப்பில் இருக்கும் பதினான்கு பிள்ளைகளில் பன்னிரண்டு பேராவது மதிப்பீட்டில் சரியாகச் செய்ய வேண்டும் என்று கல்விக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. இல்லாவிட்டால் தை மாதம் வேறு ஆள்.

கார்த்திகை மழைக்குள் குடையும் படிவமுமாக வந்து சேர்ந்தார் மதிப்பீட்டு அலுவலர் மஜீட். நல்ல மனிதர். பிள்ளைகளோடு தரையில் இருந்து பேசினார், ஒருவரையும் அழவைக்கவில்லை. ஆனால் படிவத்தில் என்ன இருக்கிறதோ அதற்குமேல் ஓர் அடி வைக்கமாட்டார். பதின்மூன்று பிள்ளைகள் முடிந்தபோது பதினொரு சரி, இரண்டு புள்ளடி. மிச்சம் மேனுகா ஒருத்திதான். அவளும் சரியாகச் செய்தால் பன்னிரண்டு.

மஜீட் ஆறு பிளாஸ்டிக் மீன்களை மேசையில் வைத்தார். "மகள், நீங்களும் உங்கட கூட்டாளி தனுஷியாவும் சேந்து இந்த மீனெல்லாம் பிடிச்சீங்க. சமனாப் பங்கு வைங்க பாப்பம்."

மேனுகா யோசிக்கவே இல்லை. இங்கே ஒன்று, இங்கே ஒன்று, இங்கே ஒன்று. மறுபடியும் அதே சுற்று. மூன்று கூறு, கூறுக்கு இரண்டு மீன்.

"ரெண்டு பேருதானே, மகள்" என்று மஜீட் நினைவூட்டினார். அவள் ஓம் என்று தலையாட்டினாள். மீன் ஒன்றும் அசையவில்லை. அவர் புள்ளடி போட்டார்.

மதிப்பீடு நடக்கும்போது ரீச்சர் பேசக்கூடாது. பேசினார்.

"மூணாவது கூறு ஆருக்கு, மனே?"

"தோணிக்கு" என்றாள் மேனுகா, இதுகூடத் தெரியாதா என்பது போல.

அவளுடைய தகப்பன் தங்கராசா வாவியில் மீன் பிடிப்பவர். சொந்தத் தோணி இல்லை. கூட்டாளியோடு இரவல் தோணியில் போய் விடியக் கரைக்கு வந்ததும் மீனை மூன்றாகக் கூறு வைப்பார்கள். ஆளுக்கொன்று, தோணிக்கொன்று. தோணிக்காரர் வந்து தன் கூறை எடுத்துப் போவார். தினமும் அந்தக் கூறுகளுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பவள் மேனுகா. இரண்டு பேர் பிடித்த மீனை இரண்டாகவே பிரித்துக்கொண்டு போனால், அவள் கணக்கில் அது களவு.

ரீச்சர் இதை விளங்கப்படுத்தினார். "தோணி இல்லாம, கையால தடவிப் பிடிச்ச இறால் எண்டு கேட்டுப் பாருங்க சேர். உடன பிரிப்பாள்."

மஜீட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு விளங்குது ரீச்சர். ஆனா ஒரு பிள்ளையிட்ட ஒருக்காத்தான் கேக்கலாம். இதுல விடை ரெண்டு கூறு எண்டுதான் இருக்கு. நான் என்ன செய்ய?" படிவத்தைத் திருப்பி வைத்துப் பேனையை நீட்டினார். முடிவை ஏற்றுக்கொண்டதாக ரீச்சர் அடியில் கையெழுத்து வைக்க வேண்டும்.

அவர் பேனையை வாங்கிக்கொண்டார். அந்த ஒரு புள்ளடியோடு பதினான்கு வருடம் முடிந்துவிடும் என்று தெரியும். அதற்காகத்தான் வாதாடுகிறோமோ என்று அவருக்கே ஒரு கூச்சம் வந்தது. ஆனால் ஒரு மீன் பிசகாமல் மூன்று கூறு வைத்த பிள்ளையின் பெயருக்கு நேரே அது கிடப்பதைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. மேனுகா இன்னும் தன் கூறுகளைக் காவல் காத்துக்கொண்டு நின்றாள்.

பேனையை மூடி வைத்தார். பிள்ளைகளின் சிறு கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு, முழங்கால் நாடியை இடிக்கிற மாதிரி மஜீட்டுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சேர், நீங்களும் நானும் தங்கராசா போற தோணியில போய்ப் பிடிச்சம் எண்டு வைங்க. தோணிக்காரர் கரையில நிக்கிறார். பங்கு வைங்க பாப்பம்."

சொல்லிவிட்டு, ஆறு மீனையும் அள்ளிக் கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தின் மேல் குவித்து, படிவத்தோடு அவர் பக்கம் தள்ளினார்.