சர்வேயரின் டீவியேஷன்

என் வாயை இறுகப் பொத்திய அந்தக் கையில் பச்சை மிளகு வாசம் அடித்தது. எத்தனையோ வருடம் ஆகியும், மிளகுக்கொடிப் பக்கம் போனால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

வெள்ளைக்காரன் காலம். கொல்லிமலையில் பாதை போட நிலம் அளந்துகொண்டிருந்தோம். நான் சர்வேயருக்கு உதவியாள். அவருக்குப் பிடித்த இங்கிலீஷ் வார்த்தை டீவியேஷன். போட்ட கோட்டை விட்டு விலகிப் போவது என்று அர்த்தம். அளவுச் சங்கிலி கொஞ்சம் நகர்ந்தால் டீவியேஷன், ரசத்தில் புளி ஏறினால் டீவியேஷன், மத்தியானம் நான் கண்ணசந்தாலும் அதேதான். "மனுஷன் கோட்டுல நடந்தா ஒரு கெடுதலும் வராதுய்யா" என்பார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

அன்று மலைமேல் திருப்புலி நாடு என்ற ஊர்ப்பக்கம் பட்டப்பகலிலேயே மூடுபனி இறங்கியது. கொஞ்சம் தள்ளிக் கருவியோடு நின்ற சர்வேயர் சட்டென்று மறைந்துபோனார். "சார், சோறு ஆறுது, வாங்க!" என்று கத்தினேன். எங்களுக்கு வழிகாட்ட வந்திருந்த மலைக்காரர் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார்.

"பனிக்குள்ள ஆரையும் கூப்புடக் கூடாதுங்க சாமி. குரல் குடுத்தா அது எடுத்துக்கும்."

எது எடுத்துக்கொள்ளும் என்று அவர் சொல்லவில்லை. அங்கெல்லாம் பனியில் நிற்பவரைப் பாறையில் கொடுவாளைத் தட்டித்தான் அழைப்பார்களாம். தட்ட ஆரம்பித்தார்.

அப்போது பள்ளத்துப் பக்கமிருந்து என் குரல் கேட்டது. "சார், சோறு ஆறுது, வாங்க!" எதிரொலி என்றுதான் நினைத்தேன். ஆனால் அது விடாமல் கூப்பிட்டது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் பிரியமாக. "வாரேன்யா" என்றார் சர்வேயர். அடுத்த "வாரேன்" இன்னும் கீழே கேட்டது. அந்தப் பள்ளத்தில் விழுந்தவர் பிழைத்ததில்லை. போகாதீங்க என்று கத்த வாயெடுத்தேன்.

"இன்னொரு குரலும் குடுத்துராதீங்க சாமி" என்று மலைக்காரர் கெஞ்சினார். நானும் ஒரு கல்லை எடுத்துப் பாறையில் அடித்தேன், உள்ளங்கை தோல் உரியுமட்டும்.

பனி கலைந்தபோது சர்வேயர் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பயத்தை மறைக்க, "என்ன சார், பெரிய டீவியேஷனா இருக்கு?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் எங்கயும் விலகலைய்யா. உன் குரலுக்கு நேராத்தான் வந்தேன். தட்டுற சத்தம் கேட்டு நின்னேன். அப்பத்தான் குனிஞ்சு பார்த்தேன், முன்னால தரையே இல்ல."

அந்த வார்த்தையை அதன்பிறகு அவர் சொல்லிக் கேட்டதில்லை.

போன மாதம் என் மகள்வழிப் பேரன் சிநேகிதர்களோடு கொல்லிமலையில் இருக்கும் செம்மேட்டுக்கு பஸ் ஏறினான். எனக்கு மனசு கேட்கவில்லை.

"கண்ணு, பனிக்குள்ள நான் கூப்புட்டா வந்துறாதே."

"நீங்கதான் இங்க ஊட்டுல இருக்கீங்களே, அப்புச்சி" என்று சிரித்தான்.