மாதேஸ்வரி கையெழுத்துப் போடாத காகிதம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தாம் வகுப்பில் வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தபோது, பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் தாளாளர் போட்ட செய்தி வந்தது. நமது கணினி ஆய்வகத் தற்காலிக உதவியாளர் மாதேஸ்வரி இயற்கை எய்தினார் என்று. மொரப்பூருக்கு வண்டி ஏறப் பொம்மிடி ஸ்டேஷனில் நின்றவர் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரி சேர்வதற்குள் முடிந்துவிட்டதாம். வயது நாற்பத்தாறு. அரை மணி நேரத்தில் செய்திக்குக் கீழே நாற்பது கும்பிடுகள் விழுந்தன. நான் போடவில்லை. பதினெட்டு வருடம் ஒரே பள்ளியில் உழைத்தவரைச் செத்த பிறகும் தற்காலிகம் என்று எழுதுகிறார்கள். அதற்குக் கீழே என் கும்பிடு எதற்கு?

பழைய மாணவர்கள் போடும் இந்த நினைவு மலருக்கு என்னிடம் ஒரு பக்கம் கேட்டார்கள். "நல்ல மாதிரியா எழுதுங்க டீச்சர்" என்றார்கள். சாந்தமானவர், பொறுமைசாலி என்று எழுத என்னால் ஆகாது. உங்களுக்கே தெரியும், அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். மௌஸ் ஒயரை இழுத்தவனைப் பீரியட் முழுக்க நிற்க வைப்பார். கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று போகிற ஆசிரியர்களுக்கும் அதே கதிதான். "நேத்து ஓடுச்சுல்ல? நேத்துக்கும் இன்னிக்கும் நடுவுல என்ன பண்ணீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல" என்பார். ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. நான் பக்கத்து அறையில் இயற்பியல் நடத்துகிறவள். அவர் குரல் சுவரைத் தாண்டி வந்து என் பாடத்தைக் கெடுக்கும்.

நான்கு வருடம் முன்பு பள்ளியின் அங்கீகாரம் புதுப்பிக்க அதிகாரிகள் ஆய்வுக்கு வருவதாக இருந்தார்கள். ஆய்வகத்தில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். எல்லாம் கம்பெனியிலேயே முழுதாகப் பொருத்தி வந்தவை. பழசு, ஆனால் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. தாளாளருக்கு அவற்றின் மூஞ்சி பிடிக்கவில்லை. கண்ணாடிக் கதவும் கலர் விளக்கும் வைத்த பன்னிரண்டு காலி கேபினெட்டுகளை, வெறும் வெளிப்பெட்டிகளை, சேலத்திலிருந்து வாங்கி வந்துவிட்டார். பழைய உறுப்புகளைக் கழற்றி இவற்றில் மாட்டினால், வருகிறவர்கள் எல்லாம் புதிய கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொள்வார்களாம். தெருப் பக்கத்துச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்கிற யோசனை.

மாதேஸ்வரி நேராக அவர் அறைக்கே போனார். "கம்பெனி மிஷினு அவங்க பொட்டிக்குன்னே அளவெடுத்துப் பண்றதுங்க சார். மொதல்ல ஒன்னே ஒன்ன மாத்திப் பாப்பம். அது ஓடுனா அடுத்தது." தாளாளர் காதில் வாங்கவில்லை. கடையிலிருந்து வந்த இரண்டு பேர் ஒரே நாளில் பன்னிரண்டையும் மாற்றிவிட்டுப் போனார்கள். பழைய கேபினெட்டுகள் அன்று சாயங்காலமே கம்பைநல்லூர் இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் பட்டனை அமுக்கினால் ஒன்றுகூட அசையவில்லை. "மதர்போர்டு பழசுங்க, போயிருக்கும்" என்று கடைக்காரர்கள் போனிலேயே கையை விரித்துவிட்டார்கள். பள்ளியை நடத்தும் அறக்கட்டளையில் கேட்டால் பழி போட ஓர் ஆள் வேண்டுமே. 'எனது கவனக்குறைவால் கணினிகள் பழுதடைந்தன' என்று ஒரு காகிதம் தயாரானது. மாதேஸ்வரி அதைப் படித்துவிட்டு, "நான் தொடவே இல்லீங்களே சார், எப்படிங்க கையெழுத்து போடறது?" என்று கேட்டு, மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். காகிதத்தின் கீழே, அவர் அலட்சியமாகக் கையாண்டதை நான் நேரில் பார்த்ததாக ஒரு வரி, சாட்சி என்று ஒரு கோடு. என் கணவருக்கு அப்போது வேலையில்லை, மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள் என்றெல்லாம் எனக்கு நானே நிறையச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தக் கோட்டில் கையெழுத்துப் போட்டேன்.

அதற்கு அடுத்த நாள் மாதேஸ்வரி இரும்புக் கடையில் சண்டை போட்டு ஒரு பழைய கேபினெட்டை மீட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். நேராக என் அறைக்கு வந்தார்.

"சாட்சி போட்டுட்டீங்களாமே டீச்சர்."

"ஆமாங்க மாதேஸ்வரி. பயந்துட்டேன்."

"சரி, வந்து டார்ச்சு புடிங்க. பயந்த கைக்கும் டார்ச்சு புடிக்க வரும்."

பிடித்தேன். பழைய கேபினெட்டின் பவர் பட்டனில் எல்லா ஒயரும் ஒரே பிளக்கில் சேர்ந்திருந்தன. புதியதில் தனித்தனியாகப் பொடி ஒயர்கள். அந்தக் கம்பெனி போர்டில் ஒயர் செருகுகிற முட்களின் வரிசையே வேறு. கடைக்காரர்கள் மற்ற போர்டில் செருகுகிற மாதிரியே செருகியிருந்ததால் பட்டனை அமுக்கியது போர்டுக்குத் தெரியவே இல்லை. அவர் பழைய பட்டனின் ஒயரைத் தொடர்ந்து போய்ச் சரியான இரண்டு முட்களைக் கண்டுபிடித்தார். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் இரண்டையும் சேர்த்துத் தொட்டார். ஃபேன் சுற்றியது. மறுநொடியே நின்றுவிட்டது. "போர்டு போச்சா?" என்றேன். அவருக்கோ சிரிப்பு. "செத்திருந்தா சுத்தவே சுத்தாதுங்க. எங்கியோ இடிக்குது."

போர்டைக் கழற்றினால், அதைத் தாங்குகிற பித்தளைக் கால்களில் ஒன்று கூடுதலாக இருந்தது. போர்டில் அதற்கான துளையே இல்லை. போர்டின் முதுகில் முட்டிக் கரண்டை ஷார்ட் ஆக்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்தார். திரையில் வெளிச்சம் வந்தது. முன்பக்கத்து ஃபேனைக் காணோம் என்று ஒரு புகாரைக் காட்டிவிட்டு மறுபடி நின்றது. பழைய கேபினெட்டிலிருந்து அந்த ஃபேனையும் பிடுங்கி மாட்டினார். அதன் பிறகு எந்தப் புகாரும் இல்லாமல் ஓடியது. ஒரு போர்டும் போகவில்லை. மற்ற பதினொன்றுக்கும் இரும்புக் கடைக்குப் போய்வந்து, மூன்று நாளில் எல்லாவற்றையும் ஓட வைத்தார்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி, "எல்லாம் புது சிஸ்டமா?" என்றார். தாளாளர் தலையாட்டினார். மாதேஸ்வரி குறுக்கே பேசினார். "பொட்டி மட்டுந்தாங்க புதுசு. உள்ள இருக்கறது பழசு, நல்லா ஓடுது. நானும் டீச்சரும் ஓட வெச்சோம்." அதிகாரி சிரித்துவிட்டார், அங்கீகாரமும் கிடைத்தது. எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. என் பெயரை எதற்குச் சேர்த்தார் என்று கடைசிவரை கேட்கவில்லை.

கிழித்துப் போட்டிருக்க வேண்டிய அந்தக் காகிதம் அவருடைய ஃபைலில் ஏறியது. போன வருடம் அவரை நிரந்தரமாக்கும் பேச்சு வந்தபோது அதை எடுத்துக் காட்டினார்கள். அவர் கையெழுத்து இல்லாவிட்டால் என்ன, சாட்சி இருக்கிறதே என்றார்கள். பட்டியலில் அவர் பெயர் இல்லாமல் போனது.

நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், ஒரு தடவை அல்ல. "மன்னிப்ப வெச்சிகிட்டு நான் என்னங்க பண்றது? எப்ப எழுதிக் குடுப்பீங்க, அதச் சொல்லுங்க" என்பார். அடுத்த வாரம் என்பேன். அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்பேன்.

இப்போது எழுதுகிறேன். மாதேஸ்வரி ஒரு கம்ப்யூட்டரையும் கெடுக்கவில்லை. அவர் அலட்சியமாகக் கையாண்டதை நான் பார்க்கவில்லை. பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டது பொய். இதே மூன்று வரியை இன்று காலை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிவிட்டேன். இதற்காக எனக்கு மெமோ வரலாம், வேலையே போகலாம். போகட்டும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது "எப்ப எழுதிக் குடுப்பீங்க" என்ற அந்த ஒரு கேள்விதான். பதிலுக்கு நான்கு வருடம் எடுத்துக்கொண்டேன். அவர் இருந்திருந்தால் அதற்கும் சேர்த்துத் திட்டியிருப்பார். அந்தத் திட்டு வாங்க எனக்குக் கொடுப்பினை இல்லை.