பின்வாசல் பூட்டு

தங்கச்சிமடத்தில் ஒரு இறால் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறேன். இருபத்திரண்டு பெண்கள் உட்கார்ந்து இறால் உரிப்பார்கள். யாரும் இறாலை வெளியே கொண்டுபோய்விடக் கூடாதென்று, வேலை நேரத்தில் பின்வாசலை உள்பக்கம் பூட்டச் சொல்லியிருந்தார் முதலாளி. பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவள் நான்தான்.

ஒருநாள் காலை, முன்வாசலை ஒட்டிய சுவிட்சு போர்டில் பொறி பறந்து, அதன் கீழே அடுக்கியிருந்த தெர்மாகோல் பெட்டிகள் பற்றிக்கொண்டன. கரும்புகை வாசலையே மறைத்தது. எல்லோரும் பின்பக்கம் ஓடினோம். உப்புக்காற்றில் துருவேறிய பூட்டுக்குள் சாவி திரும்பவே இல்லை.

"தள்ளுடி அங்கிட்டு!" என்று என்னை விலக்கிவிட்டு, ஐஸ் உடைக்கும் சம்மட்டியால் ஓங்கி அடித்தாள் என் தோழி பாக்கியம். நாலாவது அடியில் கொண்டி பெயர்ந்தது. இருமிக்கொண்டே வெளியே வந்து விழுந்தோம். அத்தனை பேரும் பிழைத்தோம்.

கட்டடத்தைச் சரிசெய்து வேலை தொடங்கியதும் முதலாளி புதுப் பூட்டை நீட்டினார். "இந்தா, இது துருப்பிடிக்காது."

"பூட்ட மாட்டேன் மொதலாளி. வேணும்னா வீட்டுக்குப் போகையில எங்க பையச் சோதிச்சுக்கங்க."

"அப்ப ஒனக்கு இங்கன வேலை இல்ல."

உரித்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. "அவளுக்கு இல்லேன்னா எங்களுக்கும் இல்ல" என்று பாக்கியம் எழுந்தாள். கூடவே எல்லோரும் எழுந்தார்கள். கூடை கூடையாக இறால் காத்துக் கிடந்தது. முதலாளி பூட்டோடு திரும்பிப் போனார்.

இப்போது பெட்டிகளை வெளிக்கொட்டகையில் வைக்கிறோம். பின்கதவைத் திறந்துவைத்த பிறகுதான் ஆட்களை உட்காரச் சொல்கிறேன். உள்ளே ஒரே ஒருத்தி இருந்தாலும், யார் சொன்னாலும், இனி நான் கதவைப் பூட்ட மாட்டேன்.

- அமலி, தங்கச்சிமடம்