லூதர் கேன்ஃபீல்டின் கிடைக்காத ஆல்பம்

பகலவனுக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை என்று அவன் மனைவி எழில்மொழி சொல்வாள். ஆனால் ஒரு வருடத்துக்கும் மேலாக அவன் முறைத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள் மீதுதான். அந்த ஆள் அமெரிக்காவில் இருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். பியானோ வாசிப்பவர். பகலவன் என்று ஒருவன் மணலியிலிருந்து துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு போகிறான் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

பகலவன் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவன். வாலிப வயதில் ஒரு பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசித்தான். பிறகு ஹெவி லைசென்ஸ் எடுத்து ட்ரெய்லர் ஓட்டப் போனான். எழில்மொழிக்கு மாத்தூரில் ஒரு கிளினிக்கில் லேப் வேலை கிடைத்ததும் குடித்தனத்தை அங்கே மாற்றிக்கொண்டார்கள். மணலி யார்டில் பெட்டியை ஏற்றி, எர்ணாவூர் பாலம் இறங்கி, எக்ஸ்பிரஸ் ரோட்டில் திரும்பினால் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரைக்கும் கடலை ஒட்டி ஒரே ரோடுதான். ஓட்டினால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் அந்த ரோட்டில் யாரும் ஓட்டுவதில்லை, நிற்கிறார்கள். திருவொற்றியூரில் தொடங்கிக் காசிமேடு வரைக்கும் ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். பாதி நாள் அப்படியே போகும். சிலர் தூங்குவார்கள், சிலர் இறங்கி நிழலில் சீட்டு ஆடுவார்கள். பகலவன் கேபினுக்குள் வெந்துகொண்டே போனில் பாட்டு கேட்பான்.

அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பாட்டு முடிந்ததும் போன் தானாகவே எதையோ எடுத்துப் போட்டது. ஒரு பியானோ. பின்னால் அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி ஒரு பெரிய தந்தி வாத்தியம். பிரஷ்ஷால் தேய்க்கிற டிரம். மாற்றலாம் என்று கையைக் கொண்டுபோனவன் நிறுத்தினான். அந்த ஆள் ஒரு சுரத்தை வாசிக்க வேண்டிய இடத்தில் வாசிக்கவில்லை. தப்புப் பண்ணிவிட்டார் என்று பகலவன் நினைத்து முடிப்பதற்குள், கொஞ்சம் தள்ளி, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தார். பகலவனுக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. பின்னால் நின்றவன் ஹாரன் மீது கையை வைத்து எடுக்கவே இல்லை. முன்னால் வரிசை நகர்ந்து ஏகப்பட்ட இடைவெளி விழுந்திருந்தது.

லூதர் கேன்ஃபீல்டு என்பது அவர் பெயர். 'த்ரீ ரூம்ஸ்' என்பது அந்த ஆல்பம். ஜாஸ் கேட்கிறவர்கள் எல்லோருக்கும் அது தெரியும் என்று பிறகு தெரிந்துகொண்டான். சில மாதம் அதையே தேய்த்துத் தேய்த்துக் கேட்டான். அப்புறம் அவர் வாசித்த மற்றவை வேண்டியிருந்தன. ரோதனை அங்கேதான் ஆரம்பித்தது.

மனிதர் அறுபது வருடமாக வாசித்துக்கொண்டிருக்கிறார். ஆல்பங்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் எங்கே போய்த் தேடினாலும் 'த்ரீ ரூம்ஸ்'தான் வேறு வேறு அட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. மற்றவற்றில் ஒன்று கிடைத்தால் நான்கு பாட்டு ஓடும், மீதிப் பாட்டு சாம்பல் நிறத்தில் இருக்கும். தொட்டால், உங்கள் நாட்டில் இது கிடைக்காது என்று வரும். ஒரு வானொலிப் பதிவு அகப்பட்டது. அதில் பியானோவை விடக் கூட்டத்தில் ஒருவர் இருமுவதுதான் நன்றாகக் கேட்டது. ஆர்கனில் வாசித்த ஆல்பம் ஒன்று கிடைத்தது. அதைப் பாதியில் அணைத்துவிட்டு, அந்த ஆர்கனைக் கண்டுபிடித்தவனைத் திட்டினான். உருப்படியான ஒன்று அகப்பட்டு, பியானோ தனியாக இறங்கி வரும் நேரம் பார்த்து பிரியாணி விளம்பரம் வரும். இல்லையென்றால் வரிசை நகரும். அத்தனை நேரம் அசையாத வரிசை சரியாக அப்போதுதான் நகரும்.

இந்தத் தேடலில்தான் 'ஃபெர்ரி ரோடு' என்ற ஆல்பத்தின் அட்டைப் படம் கண்ணில் பட்டது. ஏதோ ஒரு துறைமுக ஊரில் பதிவு செய்தது. படத்தில் லூதர் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் வரிசையாகக் கிரேன்கள், அடுக்கி வைத்த கன்டெய்னர்கள். பாட்டு மட்டும் எங்கேயும் இல்லை. யாரோ ஒருவன் இணையத்தில் எழுதியிருந்தான்: அவருடைய மிகச் சிறந்த வாசிப்பு இதில்தான் இருக்கிறது, பாவம், யாரும் கேட்டதில்லை. பகலவன் அதைப் பிடித்துக்கொண்டான். கன்டெய்னர் அடுக்குக்கு நடுவில் நின்றுகொண்டு அந்த ஆள் என்ன வாசித்திருப்பார் என்று கேட்காமல் தன்னால் இருக்க முடியாது என்று தோன்றிவிட்டது.

கல்மண்டபத்தில் இருக்கும் சைமன் அவனுக்குப் பழைய தோஸ்து. துறைமுகத்துக்குள் கப்பல்களுக்குக் காய்கறி, அரிசி, தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும் வேன் ஓட்டுகிறவன். அவனிடம் போய் நின்றான்.

"யாரு, சபையப் பிரிச்ச லூத்தரா?" என்றான் சைமன். "அவரு எங்க சபையே இல்லியேபா. நான் கத்தோலிக்."

"அந்த லூத்தர் இல்ல. இவரு பியானோ வாசிக்கிறவரு. கப்பல்ல வர்ற ஆபீசருங்க யாரையாச்சும் கேட்டு சிடி வாங்கியாரச் சொல்லேன்."

"அவன் வெங்காயம் அழுகிப்போச்சுன்னு சண்ட போட்டுகினு கீறான். அவன்கிட்ட போய் பியானோ கேக்கச் சொல்றியா?"

ஆனாலும் சைமன் கேட்டான். வருகிற கப்பலில் எல்லாம் தன் போனில் இருந்த அட்டைப் படத்தைக் காட்டினான். கடைசியில் அடிக்கடி வந்துபோகிற கப்பலில் ஒரு செகண்ட் ஆபீசர், தன் ஊரில் பழைய சிடி விற்கும் கடை இருக்கிறது, பார்க்கிறேன் என்றார். அடுத்த முறை வந்தபோது கொண்டும் வந்தார். கிரேன் படம் போட்ட அதே அட்டை. பகலவன் அதை ரோட்டிலேயே நின்று பிரித்தான். உள்ளே இருந்த வட்டில் 'த்ரீ ரூம்ஸ்' என்று அச்சடித்திருந்தது.

அன்றைக்கு அவன் பேசிய பேச்சை சைமன் வெகுநாள் மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது முறை சரியான வட்டே வந்தது. அதற்குள் ஒரு மழைக்காலம் போயிருந்தது. வந்த பிறகுதான் அதைப் போட்டுக் கேட்க எதுவும் இல்லை என்பது பகலவனுக்கு உறைத்தது. கேபினில் இருந்த பாட்டுப் பெட்டி பென் டிரைவ் மட்டும்தான் எடுக்கும். எழில்மொழியின் லேப்டாப்பில் சிடி நுழைக்கிற வாயே கிடையாது. பர்மா பஜாரில் காஜா மொய்தீன் என்பவரிடம் போனான். அவர் ஒரு காலத்தில் சிடியாகவே விற்றவர், இப்போது சார்ஜர் விற்கிறார்.

"சிடி மவுத்தாயி எத்தினியோ வருசம் ஆச்சு மாமு," என்றார் காஜா. "சரி, உட்டுட்டுப் போ. குடோன்ல மெஷின் ஒண்ணு கீது. ஓடுதான்னு பாக்குறேன்."

ஓடவில்லை. உள்ளே சிடியைப் படிக்கிற கண்ணாடியை மாற்ற வேண்டியிருந்தது. கண்ணாடி வந்ததும் பெல்ட் அறுந்தது. பகலவன் ஒவ்வொரு முறையும் கன்டெய்னரை இறக்கிவிட்டு பஜாருக்குப் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தான். "இன்னா நீ, ஆஸ்பத்திரியில சீரியஸா கெடக்குறவங்கள பாக்கப் போற மாதிரி போய்ட்டு போய்ட்டு வர்ற," என்றாள் எழில்மொழி.

ஒருவழியாகக் காஜா அதைப் பென் டிரைவில் ஏற்றி, தானே மாத்தூருக்கு எடுத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை. சைமன் சர்ச்சில் பூசை முடித்துவிட்டு நேராக வந்திருந்தான். எழில்மொழி எல்லோருக்கும் சாப்பாடு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் பகலவன் ஜன்னலைச் சாத்தினான், ஃபேனை அணைத்தான். ஸ்பீக்கரை மேசை மேல் தூக்கி வைத்து அதன் எதிரில் வந்தவர்களை உட்கார வைத்தான்.

முதலில் ஒரு வயலின் கூட்டம் வந்தது. நிஜ வயலின் இல்லை, மெஷினில் அழுத்தி எடுக்கிற வயலின். அப்புறம் கடிகாரம் மாதிரி தட்டுகிற டிரம், அதுவும் மெஷின். நாலைந்து பெண்கள் 'ஊ' என்று இழுத்தார்கள். பியானோ எங்கோ அடுத்த வீட்டில் கேட்கிற மாதிரி பின்னால் கிடந்தது. முன்னுரையாக இருக்கும் என்று பகலவன் பொறுத்தான். இரண்டாவது பாட்டும் அப்படியே. மூன்றாவதில் புல்லாங்குழலும் சேர்ந்துகொண்டது. வியர்வை வழிய எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாபா இது," என்றான் சைமன் மெதுவாக. "நகைக்கடை லிஃப்ட்ல போவுற மாதிரி கீது."

"சவுண்டு நல்லா கிளியரா கீது மாமு," என்றார் காஜா. தன் மெஷினின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு.

அடுத்த பாட்டில் சரியாகிவிடும், அதற்கு அடுத்ததில் சரியாகிவிடும் என்று கடைசி வரை பகலவன் காத்திருந்தான். முடிந்தது. சமையலறை வாசலில் நின்றிருந்த எழில்மொழி சொன்னாள்: "இது நல்லா இருக்கே. இத்தினி நாளா கரமுரன்னு எதையோ போட்டுகினு இருந்ததுக்கு, இதையே முதல்ல போட்டிருக்கலாம்ல."

அவள் கேலிக்குச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவன், வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகுதான் திரும்பினான். "உனக்கு இன்னா தெரியும் அதப்பத்தி?" என்று ஆரம்பித்தான். "எனக்கு ஒண்ணும் தெரியாது. காது இருக்கு, கேட்டேன், நல்லா இருந்துச்சு. அவரு மோசமா வாசிச்சா அதுக்கு நானா பொறுப்பு?" என்றாள் அவள்.

அதன் பிறகு வெகுநாள் அவன் லூதரைத் தொடவே இல்லை. 'த்ரீ ரூம்ஸ்'கூடப் போடவில்லை. வரிசையில் நிற்கும்போது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முன்னால் நிற்கும் பெட்டியின் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நினைக்க நினைக்க எரிச்சலாக வந்தது. தெரியாதவன் கெடுத்தால் மன்னிக்கலாம். இந்த ஆளுக்குத் தெரியுமே. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று அந்த விரலுக்குத் தெரியுமே. அதை வைத்துக்கொண்டு மெஷின் வயலினுக்குப் பின்னால் ஏன் போய் ஒளிந்துகொள்ள வேண்டும்?

அப்போதெல்லாம் சுப்புராஜ் ஞாபகம் வந்தது. பாட்டுக் குழுவின் தலைவர். மேடையில் பகலவன் இரண்டு சரணத்துக்கு நடுவில் கொஞ்சம் விலகிப் போய் எதையாவது வாசித்துப் பார்த்தால், மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "டேய், ஜனம் கேக்குறத வாசி," என்பார். பகலவனும் வாசித்தான். பல வருடம் அதையே வாசித்தான். ஒரு நாள் கீபோர்டைத் தொடவே பிடிக்காமல் விட்டுவிட்டான். லூதரிடமும் எவனாவது அப்படிச் சொல்லியிருப்பான். சொன்னால் என்ன? உலகத்துக்கே தெரிந்த ஆள், அவருமா கேட்டுக்கொள்வார்? என்னை மாதிரி ஆளா அவர்? இப்படிக் கேட்டுக்கொண்டே கியர் போடுவான். விடை கிடைப்பதற்குள் வரிசை மறுபடி நின்றுவிடும்.

இதற்கிடையில் எழில்மொழி அந்தப் பென் டிரைவை எடுத்துக்கொண்டுபோய் கிளினிக்கில் போட்டிருந்தாள். இரத்தம் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்களுக்கு ஏதாவது கேட்கட்டும் என்று டாக்டரே சொன்னாராம். பகலவனுக்கு இது தெரியாது. துறைமுகத்தில் வேலைநிறுத்தம் என்று யார்டில் வண்டி எடுக்காத ஒரு நாள், அவளை அழைத்துவரப் போனவன் கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த 'ஊ' சத்தத்தைக் கேட்டான். திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. உள்ளே வேலை முடியவில்லை என்றார்கள். வேறு வழியில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்தான்.

பக்கத்தில் பச்சையம்மா என்று ஒரு அம்மாள். காத்திவாக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்தவள். சுகர் பார்க்கக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"யாரு நைனா பாடுறது இது? சோக்கா கீது," என்றாள் கண்ணைத் திறக்காமலே.

"அமெரிக்காக்காரரு. பியானோ வாசிக்கிறவரு," என்றான். பிறகு பொறுக்கமாட்டாமல், "இது அவரு வாசிச்சதுலயே மட்டமானது. நல்லது எங்கிட்ட கீது, கேக்குறியாம்மா?" என்று போனை எடுத்து 'த்ரீ ரூம்ஸ்' போட்டு அவள் காதருகே பிடித்தான். அவள் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இவரு எங்க போறாருன்னே புரியலப்பா. படபடன்னு வருது. அங்க ஓடுறதயே கேட்டுக்குறேன்."

பகலவன் போனை அணைத்தான். யாரிடம் போய் எதைச் சொல்ல என்று இருந்தது. கிளினிக்கின் ஸ்பீக்கர் உள்ளங்கை அளவுதான், வாங்கிய நாளிலிருந்தே கரகரப்பு. அதில் மெஷின் வயலின்கள் கொசு ரீங்காரமாக இளைத்துப் போயிருந்தன. ஐந்தாவது பாட்டு ஓடியது. அந்த இளைப்புக்கு நடுவில் பியானோ மட்டும் தெளிவாக வந்து விழுந்தது. பெண்கள் இழுத்து முடிக்கிற இடத்தில் லூதர் சேர்ந்து முடிக்கவில்லை. சும்மா இருந்தார். எல்லோரும் ஓய்ந்த பிறகு, டிரம் அடுத்த சுற்றுக்குப் போய்விட்ட பிறகு, தனியாக வந்து அதை வைத்தார். வீட்டில் கேட்டபோது இது அவன் காதிலேயே விழவில்லை.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அதையே செய்தார். வேண்டுமென்றேதான் செய்கிறார்.

"தெரிஞ்சுகினேதான் அந்த வயலினுக்குப் பின்னால உக்காந்திருந்தியா," என்று லூதரைக் கேட்பதுபோல் பகலவன் முணுமுணுத்தான். கோபம் குறைந்ததா கூடியதா என்று அவனுக்கே புரியவில்லை.

"இன்னா சொன்ன?" என்று பச்சையம்மா கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. நீ கேளு."

எழில்மொழி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவனை அந்தப் பாட்டுக்கு எதிரில் பார்த்ததும் முகம் மாறி, ஸ்பீக்கரை அணைக்கக் கையை நீட்டினாள். பகலவன் வேண்டாம் என்று தலையை ஆட்டி, நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.