ஒரு விரல் படாத லேப்டாப்

அந்தப் பெரிய ஜவுளிக்கடையின் வெளிவாசலில் நின்று பைகளைச் சோதிக்கிறவளுக்குக் கடைப் பையன்கள் வைத்த பெயர் 'ஸ்கேனர் அக்கா'. முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது. அவள் பில்லைப் பார்ப்பாள், பையைப் பார்ப்பாள், அப்புறம் ஆளை மேலும் கீழும் பார்ப்பாள். அந்த மூன்றாவது பார்வையில், பணம் கட்டிவிட்டு வந்தவனுக்கே கட்டினோமா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடும். ஒருமுறை முதலாளியின் மைத்துனரையே நிறுத்தி வைத்துப் பில் கேட்டாள். அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இவளுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்தார் முதலாளி, ஏனென்றால் மைத்துனரிடம் பில் இல்லை.

அதற்குப் பிறகு அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. உலகத்தில் தன்னைத் தவிர எல்லோருக்கும் கை நீளம், எல்லோரும் கவனக்குறைவு என்று முடிவே கட்டிவிட்டாள். டூட்டி முடிந்து சீருடையைக் கழற்றுவாளே தவிர, சந்தேகத்தைக் கழற்ற மாட்டாள். வீட்டுக்காரர் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்க்கிறவர், இருக்கிற இடம் தெரியாத மனுஷர். அவர் சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். மகளுக்குப் பதினைந்து வயது. அம்மாவிடம் இருந்த வாய் அப்படியே அவளுக்கும் வந்திருந்தது. அந்த வீட்டில் எப்போதும் ரெண்டில் ஒரு குரல் உச்சத்தில் இருக்கும்.

இத்தனைக்கும் அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. தன்னைப் போல மகள் வாசலில் கால் கடுக்க நிற்கக் கூடாது, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். மகளுக்கும் கம்ப்யூட்டர் என்றால் உயிர். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புக்குப் போகும்போது கம்ப்யூட்டர் பிரிவுக்கு அடிதடி நடக்கும். அந்த வருஷம் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்தார்கள். வீட்டில் வைத்துப் பழக வேண்டும், வருஷக் கடைசியில் நல்லபடியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கிறவர்களுக்குத்தான் கம்ப்யூட்டர் பிரிவில் இடம்.

லேப்டாப் கொடுக்கிற அன்றைக்குப் பெற்றோரைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். கம்ப்யூட்டர் டீச்சர் மைக்கைப் பிடித்து மாணவர்களின் பொறுப்பு என்னென்ன என்று அடுக்கினார். கீழே விழக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது, என்ன ஆனாலும் மாணவர்தான் பொறுப்பு, பழுதானால் இடம் கிடையாது. நம்ம ஸ்கேனர் அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கி எண்ணிக்கொண்டாள். இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது என்று எழுந்து டூட்டிக்கு ஓடினாள். டீச்சர் அதற்குப் பிறகுதான் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று ஆரம்பித்தார்.

மகள் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா கையை நீட்டினாள்.

"கொடு இப்படி."

"எதுக்கு?"

"பீரோவுல வைக்கத்தான்."

மகள் முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். பீரோச் சாவி திரும்புகிற சத்தம் கேட்டதும்தான் உறைத்தது.

"அம்மா, அது அழகு பாக்கறதுக்குக் கொடுக்கல. படிக்கறதுக்குக் கொடுத்திருக்காங்க."

"உடைஞ்சா யாருடி பதில் சொல்றது?"

"நான்தான் சொல்லணும். கையெழுத்து போட்டது நான்தானே?"

"தண்ணி பாட்டிலை ஒழுங்கா வீட்டுக்குக் கொண்டுவரத் துப்பில்ல, இதுல பொறுப்பைப் பத்திப் பேச வந்துட்டா! வருஷம் முடியட்டும், புதுசு மாதிரி எடுத்துத் தரேன். சீட்டு கிடைச்சதும் நீயே என் காலைத் தொட்டுக் கும்பிடுவ."

மகள் கத்தினாள், அழுதாள், சாப்பாட்டை ஒதுக்கினாள். அப்பாவிடம் போய் முறையிட்டாள். அவர், "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கடைசியில் மகள் பேச்சையே நிறுத்தினாள். அம்மாவுக்கு அதுவும் சௌகரியமாகத்தான் இருந்தது.

வீட்டுப்பாடத்தை மகள் எப்படியோ ஒப்பேற்றினாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூடத்து லேபில் உட்காருவாள், இல்லாவிட்டால் சாயங்காலம் கூடப் படிக்கிறவள் வீட்டில். இதைக் கேள்விப்பட்டபோது அம்மா, "நடக்குதில்ல? அப்புறம் என்ன?" என்றாள்.

லேப்டாப்பை அவள் கவனித்துக்கொண்ட அழகை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தன் பழைய சீருடைப் பேண்டை வெட்டி, அளவெடுத்து, கனமான உறை தைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உறையோடு வெளியே எடுத்து, தூசி தட்டி, மறுபடி உள்ளே வைப்பாள். பீரோவுக்குப் பின்னால் இருந்தது அடுப்பங்கரைச் சுவர். கை வைத்தால் சுடும். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. வெயில் காலம் வந்தபோது உறை இறுக்கமாகிக்கொண்டே வந்தது. "துவைக்கவே இல்ல, எப்படி இந்தத் துணி சுருங்குது?" என்று துணி நெய்த மில்லைத் திட்டினாள். திட்டிக்கொண்டே ஓரத் தையலைப் பிரித்து, கொஞ்சம் தளர்த்தித் தைத்தாள். யாரையும் நம்பாதவள், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு தரம் பிரித்துப் பார்த்திருக்கலாம். கண்டவர் பையையெல்லாம் திறந்து பார்க்கிறவளுக்கு அது மட்டும் தோன்றாமல் போனது.

திருப்பிக் கொடுக்கிற நாளும் வந்தது. பர்மிஷன் போட்டுவிட்டு, சீருடை மடிப்புக் கலையாமல் அவளே மகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வரிசையில் முன்னால் நின்ற பையனின் லேப்டாப் முழுக்க ஸ்டிக்கர், ஓரமெல்லாம் கீறல், ஒரு பட்டனே காணோம். அவன் அம்மாவைப் பார்த்து நம்மவள் உதட்டைச் சுழித்தாள். "வளர்ப்பு" என்றாள், அந்தப் பெண்ணின் காதில் விழுகிற மாதிரியே. டீச்சர் லேப்டாப்பைப் போட்டுப் பார்த்தார், ஓடியது. பையனை ரெண்டு வார்த்தை திட்டினார், அதை வாங்கித் தள்ளி வைத்தார். பையன் தேறிவிட்டான்.

அடுத்து இவர்கள். டீச்சர் உறையை உருவ முயன்றார், வரவில்லை. இழுத்தார். வந்த பிறகு கையைச் சட்டென்று பின்னால் எடுத்துக்கொண்டார். மூடி மூடாமல் வாய் பிளந்திருந்தது. விரல் வைத்து நகர்த்துகிற பட்டை மேலே எழும்பி நின்றது.

"யாரும் கிட்ட வராதீங்க. பேட்டரி வீங்கியிருக்கு."

"என்ன டீச்சர் சொல்றீங்க?" நம்மவளின் குரல் அறையைத் தூக்கியது. "ஒரு விரல் பட்டதில்ல இது மேல! ஒட்டின பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கல. நீங்களே பாருங்க!"

டீச்சர் குனிந்து பார்த்தார். பிளாஸ்டிக் அப்படியே இருந்தது.

"ஒரு விரல்கூடப் படலயா?"

"படல!" என்றாள் பெருமையாக.

டீச்சர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "வீட்ல தினமும் போட்டுப் பழகறேன்னு என்கிட்ட சொன்னியே?"

பதிலுக்குக் காத்திராமல் அம்மா பக்கம் திரும்பினார்.

"வாங்கிட்டுப் போனதுலேருந்து சார்ஜே போடாம, வெக்கையில அடைச்சு வச்சா இப்படித்தான் ஆகும். வாரா வாரம் சார்ஜ் போடுங்க, காத்தோட்டமா வைங்கன்னு கூட்டத்துல தொண்டை கிழிய சொன்னேனே, எந்தக் காதுல வாங்கினீங்க?"

"நீங்க கொடுத்ததே ஓட்டைச் சாமான்! அதை மறைக்கறதுக்கு என் பொண்ணு தலையில கட்டப் பாக்கறீங்களா?"

"இங்க கத்தாதீங்கம்மா. இது கடை வாசல் இல்ல."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. அதற்கும் பதில் வைத்திருந்தாள், ஆனால் டீச்சர் மகளிடம் திரும்பிவிட்டார். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: "வீட்ல யாராவது உன்னைத் தொட விடாம தடுத்தாங்களா? ஆமான்னு சொல்லு, போதும். உன் சீட்டுக்கு நான் ஹெட்மாஸ்டர்கிட்ட பேசறேன்."

 மகள் கை நீட்டித் தன்னைக் காட்டப் போகிறாள், காட்டினால் என்ன சொல்லித் தாக்குவது என்று அம்மா மனசுக்குள் சண்டையை அடுக்கத் தொடங்கிவிட்டாள். சீட்டு கிடைத்தால் சரி என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை. அவள் அப்படிப்பட்ட பெண்பிள்ளை.

"யாரும் தடுக்கல மிஸ். நான்தான் எடுக்கல" என்றாள் மகள்.

"அப்ப என்னால ஒண்ணும் பண்ண முடியாது. கம்ப்யூட்டர் பிரிவு கிடையாது. வேற பிரிவு பாத்துக்கோ. அடுத்து யாரு?"

பஸ் நிறுத்தம் வரைக்கும் மகள் பத்தடி முன்னாலேயே நடந்தாள். சீட்டு போன துக்கம் அம்மாவுக்கு இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு மேலே வேறொன்று பொங்கியது. அத்தனை பேர் முன்னால் மகள் தன்னை விட்டுக்கொடுக்கவில்லையே! கடைசியில் நிறுத்தத்தில் எட்டிப் பிடித்து, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, மகளின் தோளைத் தொட்டாள்.

"ஆயிரம்தான் இருந்தாலும் பெத்தவளை விட்டுக்கொடுக்கல பாரு நீ."

மகள் தோளை உதறினாள்.

"உனக்காகன்னு நினைச்சியா? என் கிளாஸே அங்க நின்னுட்டிருந்துச்சு. எங்கம்மா பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்கன்னு அவங்க முன்னாடி எப்படிச் சொல்றது? எனக்கு வெக்கமா இருந்துச்சு. வருஷம் பூரா மிஸ்கிட்ட பொய் சொன்னதும் அதுக்குத்தான்."

"என்னடி சொன்ன? வெக்கமா? என்னை நினைச்சா? உனக்காக நாள் முழுக்கக் கால் கடுக்க நிக்கிறேன்டி நான்! யாரைப் பாத்து வெக்கம்னு சொல்ற?"

நிறுத்தத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. முன்னே வரிசையில் நின்ற ஸ்டிக்கர் பையனும் அவன் அம்மாவும்கூட அங்கேதான் இருந்தார்கள்.

"பாரு" என்றாள் மகள் மெதுவாக. "இப்பவும்."

பஸ் வந்தது. மகள் முன்வாசலில் ஏறி, யாரோ ஒரு பாட்டியம்மாள் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். அம்மா முண்டியடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்து கம்பியைப் பிடித்து நின்றாள். கண்டக்டர் மகளிடம் வந்து, "எத்தனை? கூட யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "இல்ல, ஒண்ணுதான்" என்றாள்.